சோதனையில் அவள் சொன்ன பதில்

ஆடி மாதம், முதல் வியாழக்கிழமை.

காலை 10.05. அனுப்பர்பாளையத்திலுள்ள வீட்டிலிருந்து காரில் புறப்பாடு. ஓட்டியவர் நான். முன் இருக்கையில் என் மனைவி. வயது அறுபத்தாறு.

10.21. மேம்பாலத்தின் கீழே வாகனச் சோதனையில் கார் நிறுத்தப்பட்டது.

10.44. மாசுச் சான்று காலாவதியானதற்காக அபராத ரசீது பதிவானது.

10.46. அங்கிருந்து புறப்பாடு.

10.58. மருத்துவமனையின் அவசரப் பிரிவை வந்தடைந்தோம்.

11.15. மாரடைப்பால் அவள் இறந்துவிட்டதாக மருத்துவர் அறிவித்தார்.

இது, துறை விசாரணைக்காக நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் முதல் பக்கம். முக்கிய நேரங்களுக்கு ஆதாரம் இருக்கிறது: எங்கள் வீட்டு வாசலின் கேமரா, ரசீது, மருத்துவமனைப் பதிவேடு. முப்பத்தோரு ஆண்டுகள் சட்டக் கல்லூரியில் சாட்சியச் சட்டம் கற்பித்தவன் நான். ஒரு மனிதரை அழிப்பதற்குப் பொய் எழுதத் தேவையில்லை என்பதை நன்கறிவேன். உண்மையான வரிகளை வரிசையாக எழுதி, ஒன்றை மட்டும் விட்டுவிட்டால் போதும்.

விடுபட்ட வரி இது. எங்களை நிறுத்திய துணை ஆய்வாளர் என் மனைவியிடம் உடம்புக்கு என்ன என்று கேட்டார். அவள் ஒரு பதில் சொன்னாள். அந்த வரி விசாரணைக் கோப்பில் இருந்தால், அவர் தண்டனை பெற்றாலும் வேலையில் நீடிப்பார். இல்லாவிட்டால், மாரடைப்பால் தவித்த ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என்ன ஏது என்று கேட்கக்கூடச் செய்யாதவர் என்று வீட்டுக்கு அனுப்பப்படுவார். இறுதி ஆணை இன்னும் வரவில்லை.

அன்று காலை எட்டரை மணிக்கு அவள் சமையலறையில் வாந்தி எடுத்தாள். முதுகின் நடுவில் யாரோ முழங்கையை ஊன்றி அழுத்துவது போல இருக்கிறது என்றாள். வாய்வு என்று இருவரும் முடிவு செய்தோம். ஒன்றரை மணி நேரம் சுக்குத் தண்ணீரில் கழிந்தது. 108-ஐ அழைக்கட்டுமா என்று கேட்டேன். சங்கு ஊதிக்கொண்டு வண்டி வாசலில் வந்து நின்றால் தெருவே கூடிவிடும் என்று மறுத்துவிட்டாள். புடவை மாற்றிக்கொண்டாள். வீட்டைப் பூட்டிய பிறகு கேஸை மூடினேனா என்று கேட்டு என்னை மறுபடி உள்ளே அனுப்பினாள்.

என் கார் பழுது பார்க்கப் போயிருந்தது. மகன் தன் பனியன் கம்பெனியின் வண்டி ஒன்றை வீட்டில் விட்டு வைத்திருந்தான். சாம்பிள் துணியும் லேபிள் கட்டும் ஏற்றிப் போகும் பழைய கார். அதைத்தான் எடுத்தேன்.

மேம்பாலத்தின் நிழலில் இரும்புத் தடுப்புகள் போட்டிருந்தார்கள். துணி மூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு வந்த இரு சக்கர வாகனங்கள் ஒருபுறம் நின்றன. துணை ஆய்வாளருக்கு முப்பது வயது இருக்கும். மதுரைப் பக்கத்துப் பேச்சு. சட்டைக்கு மேல் ஒளிரும் பச்சைக் கோட்டு போட்டிருந்தார்.

"வண்டிய ஓரங்கட்டுங்க சார்."

"ஆஸ்பத்திரிக்குப் போறமுங்க" என்றேன்.

"எல்லாரும் அங்கதான் சார் போறாங்க. காலைல இருந்து இது பன்னெண்டாவது ஆஸ்பத்திரி. இந்த ஊர்ல ஒருத்தன்கூட நல்லா இல்ல போல. ஆர்சி, இன்சூரன்ஸ், பொல்யூஷன் மூணையும் எடுங்க."

டேஷ்போர்டைத் திறந்தேன். ஆவணங்களுக்கு முன்னால் ஒரு கற்றைக் காகிதம் வந்து என் மனைவியின் மடியில் விழுந்தது. கண்ணாடி போடாமல் வந்திருந்தாள். கேட்ட காகிதம் அதுதான் என்று நினைத்து, அடுக்கி, என்னைத் தாண்டிக் கையை நீட்டி அவரிடம் கொடுத்தாள். "இந்தாங்க கண்ணு."

அவை மருத்துவமனைப் புறநோயாளிச் சீட்டுகள். வெவ்வேறு பெயர்கள். வெவ்வேறு நாட்கள்.

எனக்கு அப்போது புரியவில்லை. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பின்னால் நான் விசாரித்து அறிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சரக்கு ஏற்றுமதிக்குக் கிளம்பும் நாட்களில், சாயப் பட்டறையிலிருந்து வரவேண்டிய துணியோ அச்சகத்திலிருந்து வரவேண்டிய லேபிளோ பத்து நிமிடம் தாமதித்தாலும் தூத்துக்குடிக்குப் போகும் லாரி கிளம்பிவிடும். ஆகவே மகனின் கம்பெனியில், வேலையாட்களிடமிருந்து பழைய மருத்துவமனைச் சீட்டுகளை வாங்கி வண்டிக்கு ஒரு கற்றையாகப் போட்டு வைத்திருந்தார்கள். செக்கிங் சீட்டு என்று அதற்குப் பெயர். போலீஸ் நிறுத்தினால் ஓட்டுநர் ஒரு சீட்டை எடுத்துக் காட்டி, முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, "ஊட்ல சீரியஸுங்க" என்பார். பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். மகன் கம்பெனி மட்டும் இப்படிச் செய்யவில்லை. மருத்துவமனை என்ற சொல்லை ஊரே சேர்ந்து செல்லாததாக்கி வைத்திருந்தது. அந்தச் சொல்லை உண்மையாகவே சொல்லவேண்டிய முறை எனக்கு வந்தது.

"ஏட்டய்யா, இங்க வாங்க. ஆஸ்பத்திரியே வண்டிக்குள்ள இருக்கு" என்று துணை ஆய்வாளர் கூப்பிட்டார். தலை நரைத்த ஏட்டு ஒருவர் வந்து நின்றார். துணை ஆய்வாளர் ஒவ்வொன்றாகப் படித்தார். "காது மூக்குத் தொண்டை. எலும்பு முறிவு. இது தோல். இது பல்லு. இது மகப்பேறு, ஆறாம் மாசம்." குனிந்து என்னைப் பார்த்தார். "வாழ்த்துக்கள் சார்."

மூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். "இரட்டையா கேளுங்க சார்" என்று அவர்களில் ஒருவன் சொன்னான். ஏட்டும் வாயைப் பொத்திக்கொண்டார்.

என் மனைவியும் சிரித்தாள். யார் வேடிக்கையாகப் பேசினாலும் சிரித்துவிடுவாள்; பேசியவர் முகம் வாடக்கூடாது அவளுக்கு. நாற்பத்து மூன்று ஆண்டுகள் என் வேடிக்கைகளுக்கும் அப்படித்தான் சிரித்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அவள் கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான். வியர்வை அவள் கழுத்து வழியாக ரவிக்கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

பார்த்துவிட்டு நான் செய்ததை ஒழுங்காக எழுத வேண்டும். அவள் உடல்நிலையைப் பற்றி ஒரு சொல்லும் நான் பேசவில்லை. என்னைப் பொய்யன் என்று நினைத்துவிட்டார்கள். பொய்யர்கள் சொல்லும் சொல்லை மறுமுறை சொல்ல என் நாக்கு எழவில்லை. சட்டம் பேசினேன்.

"உங்க பேர்ப்பட்டை எங்கீங்க? அந்தக் கோட்டு மறைக்குது. மொதல்ல பேரு தெரியோணும், அப்புறம் பேசலாம்."

"கோட்டக் கழட்டுனா போதுமா, இல்ல சட்டையையும் கழட்டணுமா சார்?"

"சாவிய எடுக்கறதுக்கு உங்களுக்கு அதிகாரம் கிடையாது."

சாவியை அவர் எடுக்கவில்லை. என் கைக்கு அருகில் அவர் கை வந்தது, அவ்வளவுதான்.

"சார் வக்கீலா?"

"வக்கீலுங்களுக்குப் பாடம் நடத்துனவன்."

"அப்ப நல்லதாப் போச்சு சார். ரூல்ஸ்படியே போயிருவோம்." அவர் கோட்டின் பித்தான்களைக் கழற்றி, பெயரைக் காட்டி, மறுபடி ஒவ்வொன்றாகப் போட்டார். பிறகு ஆர்சியில் இருந்த எண்ணையும் வண்டியின் முன்னால் இருந்த எண்ணையும் எழுத்தெழுத்தாகச் சத்தமாகப் படித்து ஒப்பிட்டார். பின்பக்கம் போய் அதையே திரும்பச் செய்தார். முதலுதவிப் பெட்டி கேட்டார். இருந்தது. அதிலிருந்த பஞ்சையும் மருந்தையும் எடுத்துக் காட்டச் சொன்னார். அவர் என்னை வதைத்தார் என்பதில் ஐயமில்லை. அந்த வதையை ரூல்ஸ்படி கேட்டு வாங்கியவன் நான் என்பதிலும் ஐயமில்லை.

அவள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏனுங்க, உடுங்க. அவுங்க வேலைய அவுங்க பாக்கறாங்க. நேரமாச்சு, காட்டிப்போட்டுப் போயிரலாமுங்க."

"நீ சும்மா இரு" என்றேன்.

அவள் சும்மா இருந்தாள்.

ஏட்டுதான் அவளைக் கவனித்தவர். "சார், அந்தம்மாளுக்கு ரொம்ப வேர்க்குதுங்க. மூஞ்சியே சரியில்லீங்க."

துணை ஆய்வாளர் கையிலிருந்த காகிதங்களை ஏட்டிடம் கொடுத்துவிட்டு அவள் பக்கத்து ஜன்னலுக்குப் போனார். குனிந்தார். அவர் குரல் மாறியிருந்தது. "அம்மா, உடம்புக்கு என்னம்மா? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா? வலிச்சா சொல்லுங்கம்மா, இப்பவே அனுப்பிர்றேன். நானே முன்னால பைக்ல வர்றேன்."

என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அரசாங்க உடுப்பில் வந்து நிற்பவரிடம் தன் உடம்பின் கோளாறைச் சொல்லி அவருடைய வேலையைக் கெடுப்பது மரியாதை இல்லை என்று வளர்க்கப்பட்டவள். ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடமும், கணக்கெடுக்க வந்தவர்களிடமும், மின்கம்பம் நட வந்து எங்கள் வேப்பமரத்தை வெட்டியவர்களிடமும் அவள் சொன்னது ஒன்றுதான்.

"ஒண்ணுமில்லீங்க கண்ணு. வெயிலுக்குக் கொஞ்சம் மசமசன்னு இருக்குது. நீங்க பாருங்க, பாருங்க."

அவர் உடனே நகரவில்லை. அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் நான் சொல்வதற்காகக் காத்து நின்றார். காலையிலிருந்து முதுகில் வலி, வாந்தி எடுத்தாள், விடுங்கள். இவ்வளவு சொன்னால் போதும். அந்தச் சீட்டுகளைக் காட்டிச் சிரித்த மனிதரிடம் இரங்கிக் கேட்கவேண்டும், அவ்வளவுதான் செலவு.

"ரசீதை அடிங்க" என்றேன். "படிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்து."

படித்தேன். ரசீது போடுமிடத்தில், மூட்டைக்காரர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்று வாங்கி, அந்தச் சிறிய சீட்டின் ஒவ்வொரு வரியையும் படித்தேன். பிரிவு எண்ணில் ஒரு தவறு இருந்தது. திருத்தச் சொன்னேன். திருத்தினார்கள்.

வண்டிக்குத் திரும்பியபோது, "முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டாள். "ம்" என்றேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. இரண்டாவது சிக்னலில் அவள் தலை ஜன்னல் கண்ணாடியில் மோதும் சத்தம் கேட்டது.

மருத்துவமனைக்கு ஓடிவந்த மகன் மருத்துவரிடம், "இருவது நிமிசம் முன்னால வந்திருந்தா?" என்று கேட்டான். "அதை யாரும் உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்றார் மருத்துவர். மகன் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டான். நானும் தடுக்கவில்லை.

சிரித்துக்கொண்டிருந்த மூட்டைக்காரர்களில் ஒருவன் கைபேசியில் படம் பிடித்திருந்தான். சில நொடிகள்தான். துணை ஆய்வாளர் சீட்டுகளைப் படிப்பதும், எனக்கு வாழ்த்துச் சொல்வதும், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பதும் அதில் இருக்கின்றன. ஓரத்தில் என் மனைவியின் முழங்கை தெரிகிறது. அடக்கம் முடிந்து நாங்கள் வீடு திரும்புவதற்குள் அது ஊர் முழுவதும் போய்விட்டது. இரண்டாம் நாள் அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அவர் ஜன்னலுக்கு வந்து கேட்டது எந்தக் கைபேசியிலும் இல்லை. அதைக் காதால் கேட்டவர்கள் நானும் அவளும் ஏட்டும்தான். ஏட்டுக்கு ஓய்வு பெற மூன்று மாதங்கள் இருந்தன. தான் அப்போது சாலையின் மறுபக்கம் நின்றதாகவும், எதுவும் காதில் விழவில்லை என்றும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

வாக்குமூலத்தை நான் எழுதும்போது மகன் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

"சீட்டு விசயம் வேண்டாங்கப்பா. வெளிநாட்டு பையர் காதுக்குப் போனா ஆர்டர் போயிரும். டிரைவர் தெரியாம வெச்சுட்டான்னு சொல்லிக்கலாம். அவன வேலைய உட்டு நிறுத்தியாச்சு."

மூலனூரிலிருந்து தினமும் பேருந்தில் வந்துபோகும் ஓட்டுநர் அவர். மேலாளர் கொடுத்ததை வாங்கி வைத்தவர்.

"உனக்குத் தெரியுமா தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியுமுங்க. எல்லாக் கம்பெனிலயும்தான் இருக்குது. அம்மா அந்த வண்டில போவாங்கன்னு எனக்கு எப்படீங்க தெரியும்?" மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பிறகு, "அவன உட்றாதீங்கப்பா. அம்மாவப் பாத்துச் சிரிச்சவன் இனி காக்கி போடக்கூடாது" என்றான். அவனுக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டார். எனக்கும்தான். அந்த ஒரு விஷயத்தில், பல ஆண்டுகளுக்குப் பிறகு, அப்பனும் மகனும் ஒத்துப்போனோம்.

மூன்றாவது வாரம் துணை ஆய்வாளர் வீட்டுக்கு வந்தார். பகல் பன்னிரண்டு மணி. சாதாரணச் சட்டையில் அவர் இன்னும் இளையவராகத் தெரிந்தார். கேட்டுக்கு வெளியே நின்றார். நான் உள்ளே, வராந்தாவின் நிழலில், நாற்காலியில் இருந்தேன். எழவில்லை.

"யாருங்க?" என்றேன். தெரிந்தே கேட்டேன்.

பெயரைச் சொன்னார்.

"அடையாள அட்டை இருக்குதுங்களா?"

"சஸ்பெண்ட் பண்ணும்போது வாங்கிட்டாங்க சார்."

"அப்ப நீங்க யாருன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

வெயில் நேராக அவர் தலையில் விழுந்தது. கைக்குட்டை இருந்தும் அவர் முகத்தைத் துடைக்காமல் நின்றதைக் கவனித்தேன். துடைத்தால் நான் அதையும் குற்றமாக எடுத்துக்கொள்வேன் என்று பயந்திருக்கலாம். எடுத்துக்கொண்டிருப்பேன்.

"சிரிச்சது தப்பு சார். அதுக்கு என்ன குடுத்தாலும் வாங்கிக்கிறேன். ஆனா நான் கேட்டேன் சார். அம்மாகிட்ட வந்து கேட்டேன்ல? ஒண்ணுமில்லைன்னாங்க. உங்களையும் பார்த்தேன். அத மட்டும் எழுதிக் குடுங்க சார். வேற எதையும் நீங்க மாத்த வேணாம்."

நான் செய்தித்தாளை மடித்தேன்.

"எங்கம்மா அந்த வீடியோவப் பாத்துட்டு எங்கூடப் பேசறதில்ல சார்" என்றார்.

"என் மனைவியும் பேசறதில்லீங்க" என்றேன்.

அவர் சிறிது நேரம் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பி சுட்டிருக்கும். பிறகு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். நான் பதில் வணக்கம் சொல்லவில்லை. அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்; அவள் போன பிறகு பசித்துச் சாப்பிட்டது அன்றுதான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுரையில் எதையும் விடக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

விசாரணை ஒரு சிறிய அறையில் நடந்தது. விசாரித்த அதிகாரி ஒரு பெண்மணி. எனக்குத் தண்ணீர் வைத்தார். என் இழப்புக்கு வருத்தம் தெரிவித்தார். சுவரோரம் துணை ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். வாக்குமூலத்தைப் படித்துக் காட்டி உறுதி செய்துகொண்ட பிறகு, அதிகாரி கேட்டார்.

"இவர் உங்க மனைவியோட உடல்நிலை பத்தி எப்பவாவது விசாரிச்சாரா சார்?"

உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி எது என்று எனக்குத் தெரியும். உங்கள் மனைவி என்ன பதில் சொன்னார்? அதற்கடுத்த கேள்வியும் தெரியும். அது பொய் என்று உங்களுக்குத் தெரியாதா? நீங்கள் ஏன் சொல்லவில்லை? அதிகாரி கேட்கத் தவறினாலும், சுவரோரம் இருப்பவர் கேட்கவேண்டியதில்லை என்றாலும், பிரதியைப் படிக்கப்போகும் மகன் கேட்பான்.

"எழுதிக் கொடுத்ததுல இருக்கறதுதானுங்க என் சாட்சியம்" என்றேன்.

அதில் பொய் இல்லை. தட்டச்சு செய்தவர் அதைத் தன் போக்கில் சுருக்கினார். அச்சாகி வந்த தாளில், 'உடல்நிலை குறித்து அவர் விசாரிக்கவில்லை எனச் சாட்சி கூறுகிறார்' என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. என் மாணவர்கள் அனைவருக்கும் நான் முதல் நாள் சொல்லித் தந்தது, ஒரு சொல் மாறியிருந்தாலும் கையெழுத்திடாதே என்பது. ஒருமுறை படித்தேன். மறுமுறையும் படித்தேன். துணை ஆய்வாளர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், அன்று ஜன்னலில் அவள் தலைக்கு மேலாகப் பார்த்தது போல, காத்துக்கொண்டு.

பேனாவைத் திறந்து, தாளின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டேன்.

செய்யாமல் கிடக்கும் வேலைகள்:

விசாரணை அதிகாரிக்குக் கூடுதல் வாக்குமூலம். இரண்டு வரி போதும். இறுதி ஆணை வருவதற்குள் சேரவேண்டும்.

அதை அனுப்புவதற்கு முன், நான் காதால் கேட்டதையும் சொல்லாததையும் மகனிடம் நேரில் சொல்வது.

மூலனூர் ஓட்டுநரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொல்வது.

கொமரலிங்கத்திலிருக்கும் அவள் தம்பி இருமுறை போன் செய்து, அக்கா கடைசியாக என்ன பேசினாள் என்று கேட்டதற்குப் பதில்.